முதல் பல்லில் மாட்டிய சீட்

"சீட்டுதானண்ணே! ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே அகலம். உக்கார்றதுக்கு இதுல என்ன வித்தியாசம்? ஏதாவது ஒண்ணத் தூக்கிட்டுப் போங்க" என்று பழைய இரும்புக் கடைக்காரர் அவசரப்படுத்தினார். ஒட்டடைக்குச்சி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு சீட்டையும் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் குந்தி உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டு, அகலமாவதற்கு மட்டும் மறந்துபோன மனிதனுக்கு ஊர் வைத்த பெயர் அது. அவன் குந்தினால் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

முதல் சீட் ஆளை ஏமாற்றும் சீட். மேலே பார்த்தால் அச்சு அசல். அடியில் பார்த்தால் போல்ட் ஓட்டைகள் நான்கு விரல் தள்ளி இருந்தன; நடுவில் கியர் கம்பிக்கு ஒரு பள்ளம் வேறு. அது அடுத்து வந்த மாடலுக்கானது. இவனுடைய பழைய பிக்கப் வண்டியில் கியர் ஸ்டியரிங்குக்கு அடியிலேயே இருக்கும், அதனால்தான் மூன்று பேர் இடிபடாமல் உட்கார முடியும். இரண்டாவது சீட்டில் பள்ளம் இல்லை. உள்ளே பழைய சுருள் ஸ்பிரிங். முதுகுச் சாய்வு முன்னால் மடங்கியது. ஜாக்கியை அதற்குப் பின்னால்தான் வைப்பார்கள். "இதுதான்" என்று அதை ஒரு தட்டுத் தட்டினான். ஒரே குறை, சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவதற்கான இரண்டு இரும்புச் சேனல்களையும் எவனோ ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

"அத உங்க பழைய சீட்லேர்ந்து கழட்டி மாட்டிக்க வேண்டியதுதான்" என்றார் கடைக்காரர். ஒரு குடும்பத்தின் தலையில் கல்லைத் தூக்கிப் போடுகிறோம் என்று அந்த நல்ல மனிதருக்கு எப்படித் தெரியும்?

ஒட்டடைக்குச்சி ஒரு காலத்தில் டிரைவர். அந்த பிக்கப் அவனுடைய சொந்த வண்டி. பதினாறு வருடத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், அது ஒரு பாலத்துச் சுவரில் போய் மோதியது. உள்ளே மூன்று பேர்: அவன், நடுவில் அவன் மனைவி, கூட அவளுடைய தம்பி. குள்ளமாக, உருண்டையாக இருப்பதால் தம்பிக்கு வீட்டுப் பெயர் பொட்டலம். பொட்டலத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. மனைவிக்கு முழங்கால் நொறுங்கியது. ஒட்டடைக்குச்சிக்குத் தலையில் அடிபட்டு, அன்றைக்குக் காலையில் வண்டியை எடுத்ததற்குப் பிறகு நடந்தது எதுவும் நினைவில் இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "நான் தூங்கிட்டேனா?" பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு படுத்திருந்தவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். "ஆமா" என்றாள் அவள்.

அதோடு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வண்டியை வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினான். தையல் மெஷின் வாங்கிப் போட்டு, ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் சீட் தைக்க ஆரம்பித்தான். காலையில் அவளுக்கு வெந்நீர் வைப்பது அவன், துணி துவைப்பது அவன், அவள் காலுக்கு எண்ணெய் தேய்ப்பது அவன். எப்போதாவது சண்டை வந்து அவன் குரல் கொஞ்சம் ஏறினால், அவள் முழங்காலைத் தடவுவாள். அத்தோடு அவன் வாயை மூடிக்கொள்வான்.

பொட்டலம் ஒரு கம்பெனியில் பஸ் டிரைவர் ஆனான். விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காகக் கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தது. அதை அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தான். பதினொரு வருடமாக அது இவர்கள் வீட்டுக் கூடத்தில், ஒட்டடைக்குச்சி சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, 'பாதுகாப்பான ஓட்டுநர்' என்ற எழுத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டியை மறுபடி எழுப்பும் யோசனையும் பொட்டலத்துடையதுதான். பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து ஊர்வலம் போகிறார்களாம். "நான் எஞ்சினையும் பாடியையும் பாத்துக்கறேன் மாமா. சீட்டு உங்க பொறுப்பு. எலி அதக் கடிச்சுக் கொதறி வெச்சிருக்கு." ஒட்டடைக்குச்சி மாட்டவே மாட்டேன் என்றான். அப்போதுதான் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "போனது போச்சுங்க. நான் உங்கள எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றாள். அத்தனை பெரிய மனிதன் சின்னப் பிள்ளையாகத் தேம்பித் தேம்பி அழுதான். மறுநாளே புது ரெக்ஸின் வாங்கினான். அவள் உட்காரும் நடு இடத்துக்கு மட்டும் ஒரு விரல் தடிமன் கூடுதலாக ஸ்பாஞ்ச் வெட்டி வைத்தான்.

இப்போது கடையிலிருந்து வந்த சீட்டைக் கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டு, பழைய சீட்டைக் கழற்ற வண்டிக்குள் ஏறினான். பழக்கத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரப் போனான். உட்கார முடியவில்லை. முழங்கால்கள் டேஷ்போர்டில் இடித்தன, ஸ்டியரிங் நெஞ்சில் அழுத்தியது. கிளட்சுக்குக் காலைத் தூக்கக்கூட இடமில்லை. லீவரைத் தூக்கிப் பின்னால் தள்ளினான். சீட் அசையவில்லை.

அந்தச் சேனலின் சூட்சுமம் ரொம்ப எளிது. இரும்பில் வரிசையாகப் பல். லீவரைத் தூக்கினால் கொக்கி பல்லை விட்டு எழும். சீட்டை நகர்த்திவிட்டு லீவரை விட்டால் எதிர்ப்பட்ட பல்லில் விழுந்து பூட்டிக்கொள்ளும். குள்ளமானவனுக்கு முன்னால் இருக்கும் முதல் பல், நெட்டையனுக்குப் பின்னால் இருக்கும் கடைசிப் பல். பெஞ்ச் சீட் ஒரே பலகை. ஓட்டுகிறவன் எந்தப் பல்லில் வைக்கிறானோ, மற்றவர்கள் முழங்கால் அங்கேதான் மடங்க வேண்டும்.

துரு பிடித்திருக்கும் என்று நினைத்து எண்ணெய் விட்டான். பிறகு போல்ட்டைக் கழற்றிச் சீட்டை வெளியே இழுத்துக் கவிழ்த்தான். துரு இல்லை. மோதிய வேகத்தில் சேனல் வளைந்து, கொக்கியைக் கவ்விப் பிடித்திருந்தது. முதல் பல்லில்.

அவசரப்படாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மோதிய வேகத்தில் சீட் முன்னால் பாய்ந்திருக்கலாமே? பாய்ந்திருந்தால் கொக்கி மற்றப் பற்களை எல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்திருக்கும். துணியால் துடைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தான். காய்ந்த கிரீஸுக்கு அடியில் அத்தனை பல்லும் கடையில் வாங்கியதுபோல் முழுசாக இருந்தன. பிறகு யாராவது தள்ளி வைத்திருக்கலாமே? வளைந்த பிறகு அதைத் தள்ள மனிதனால் முடியாது. சீட் முதல் பல்லில் இருந்தபோதுதான் வண்டி மோதியது. முதல் பல்லில் அவனால் ஓட்ட முடியாது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. மூன்று பேரில் முதல் பல்லில் உட்கார்ந்து ஓட்டக்கூடியவன் ஒரே ஒருவன்.

கை தானாக நெற்றிக்குப் போனது. தழும்பு இடது பக்கம். ஓட்டுகிறவன் கதவு வலது பக்கம். பதினாறு வருடமாகக் கண்ணாடியில் பார்த்துத்தான் முகம் மழிக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டவன், தழும்பு எந்தப் பக்கம் என்றா பார்த்துக்கொண்டிருப்பான்? இத்தனை காலம் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள், இவனும் தலையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தான். எதிரே கடிகாரம். உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அவள் சொல்லிவிட்டால் போதும், எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று அந்தப் பைத்தியக்காரன் அப்போதும் நம்பினான்.

"அன்னிக்கு மோதுறதுக்கு முன்னால என்னதான் நடந்துச்சு? வண்டி ஓட்டப் போறோம், தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்."

அவள் தடுமாறவே இல்லை. "தூக்கம் வருதுன்னீங்க. நிறுத்திட்டுப் படுங்கன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே? ஒரு கையால கண்ணக் கசக்கிட்டே ஓட்டுனீங்க. அது எதுக்கு இப்ப? நான்தான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டேனே." இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அன்றைக்கு ஒரு சொல்லாக இருந்த பொய்க்கு இத்தனை வருடத்தில் கண்ணும் மூக்கும் வைத்து வளர்த்திருந்தாள். அவனுக்கு அந்த இரும்பு காட்டியதைவிட இந்தச் சரளம்தான் வலித்தது.

அடுத்த நாட்களில் அவன் வேலையிலேயே கிடந்தான். ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டினான், சணல் விரித்தான், ரெக்ஸினைச் சுருக்கம் விழாமல் தைத்துப் போட்டான். நடு இடத்துக்கு வெட்டிய கூடுதல் ஸ்பாஞ்சை வீசி எறியத்தான் எடுத்தான். கை அதன் இடத்திலேயே வைத்துத் தைத்துவிட்டது. சேனலில் கொக்கி சிக்கிய முன்பகுதியை அறுத்தெடுத்தான். மீதியை நிமிர்த்தி, புது சீட்டின் அடியில் பூட்டி, புதுக் கொக்கியைக் கடைசிப் பல்லில் வைத்து வெல்டிங் அடித்தான். லீவரே வைக்கவில்லை. சொந்த வேலையைத் தானே கெடுப்பது தொழில்காரனுக்குக் கஷ்டம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்தான்.

ஊர்வலத்தன்று காலையில் பொட்டலம் புதுச் சட்டையில் வந்து இறங்கினான். "அடேயப்பா! மாமா, இது சீட்டில்ல, சிம்மாசனம்!" அக்காவும் காலை இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். அவன் தாவி ஏறிச் சாவியைப் போட்டான். காலை நீட்டினான். கிளட்ச் எட்டவில்லை. நுனிக்கு நகர்ந்து நீட்டினான். அப்போதும் எட்டவில்லை. கையை அடியில் விட்டுத் துழாவினான்.

"மாமா, லீவரு எங்க? சீட்ட முன்னால தள்ளணுமே."

"எந்தப் பல்லுல வெக்கணும் மாப்ள?"

"உங்களுக்குத் தெரியாதா? எனக்கு எப்பவும் முதல் பல்லுதான்."

ஒட்டடைக்குச்சி சட்டைப் பையிலிருந்து அறுத்த இரும்புத் துண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். "அப்ப இது உன்னோடது. அன்னிலேர்ந்து முதல் பல்லுலயே நிக்குது."

பஸ் டிரைவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. துண்டைத் திருப்பிப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு பதினாறு வருடத்துக்கு முன்பு பார்த்த மாதிரியே தரையைப் பார்த்தான். அவள் கை முழங்காலுக்குப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"எனக்குத் தூக்கம் வந்துச்சு. அதனாலதான் சாவிய உங்கிட்ட குடுத்தேன். அப்படித்தானே?"

"ஆமா மாமா" என்றான் பொட்டலம், காற்றாக.

"அவனுக்கு அப்பதான் வேலைக்கு ஆர்டர் வந்திருந்துச்சுங்க" என்று அவள் அழத் தொடங்கினாள். "மோதிட்டான்னு தெரிஞ்சா வேலையே போயிருக்கும். நீங்களாத்தான் கேட்டீங்க, தூங்கிட்டேனான்னு. நான் ஒரு வார்த்ததான் சொன்னேன். ஒரு வாரத்துல உண்மையச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நீங்க என்னைய அப்படித் தாங்குனீங்க. அதுக்கு முன்னால அப்படியா இருந்தீங்க? அத விட மனசு வரல."

அது உண்மை. அவள் சொன்ன அத்தனையிலும் அந்த ஒன்று மட்டும் உண்மை என்று அவனுக்குத் தெரிந்தது, அதனாலேயே அதிகம் சுட்டது. "நீ மன்னிச்சேன்னு சொன்னப்ப அழுதேனே, அப்பகூடவா சொல்ல மனசு வரல?" என்று கேட்டான்.

பொட்டலம் இறங்கி வழிவிட்டான். ஒட்டடைக்குச்சி ஏறினான். கால்கள் தாராளமாக நீண்டு, பெடல்கள் பாதத்துக்கு வந்தன. சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒருமுறை திணறி நின்றது.

"கிளட்ச மெதுவா விடுங்க மாமா" என்றான் பொட்டலம், வாய் தவறி.

அவன் திரும்பிப் பார்க்காமல் மறுபடி சாவியைத் திருப்பினான். அவள் நொண்டிக்கொண்டே வந்து இடது பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். அவன் உள்ளே பூட்டியிருந்தான். அவளுக்காகத் தடித்துத் தைத்த நடு இடம் ஜன்னல் வழியாக அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"எங்கங்க போறீங்க? எப்ப வருவீங்க?"

"தெரியல. பயப்படாத. தூக்கம் வந்தா ஓட்ட மாட்டேன்" என்றான் அவன். "அன்னிக்கும் ஓட்டல."