விஷவாயு உடுப்பில் நான்கு பட்டன்கள்

அப்பாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, இடுப்புக்கு அடியிலிருந்த பஞ்சுப்பட்டையை மகள் இழுத்தாள். வரவில்லை. செத்த உடம்பு இவ்வளவு கனக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தாள். வந்தது. கூடவே நாற்றமும். வாளியில் போட்டு மூடியை அழுத்தினாள். பெற்ற அப்பன்தான், அதற்காக அருவருப்பு இல்லாமல் போய்விடுமா?

கொஞ்ச காலமாகவே அவருக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் அடங்குவதில்லை. "அவனுங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா." அவளிடம் அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

ராணுவம் கழித்துக் கட்டிய உடுப்புகளை ஏலத்தில் எடுத்து விற்பது அப்பாவின் தொழில். அந்த இருவர், பக்கத்துத் தையல்காரரும் பழைய இரும்புக்காரரும். கடையே கதியென்று கிடந்தவர்கள். உடுப்பில் என்ன கொக்கி, என்ன வளையம் என்று கேட்டால் போதும், அப்பா புட்டுப்புட்டு வைப்பார். கழுத்துக்குப் பின்னால் இருக்கும் வார், அடிபட்டவனைத் தரதரவென்று இழுக்க. சட்டைக் கையில் ஒட்டிய காகிதம், விஷம் பட்டால் நிறம் மாற. ஒன்றில் மட்டும் கைவிரித்தார். விஷவாயு படாமலிருக்கப் போடும் உடுப்பின் கால்சட்டைக்குள், முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு பட்டன்கள். மாட்ட எதுவும் கிடையாது. "தெரியலைடா" என்றார். அதைச் சொல்லி இருவரும் அவரைக் கிண்டலடிக்காத நாளில்லை.

வாளியைக் கொல்லையில் வைத்துவிட்டு அவள் பினாயில் ஊற்றித் துடைத்து முடிப்பதற்குள் இருவரும் வந்துவிட்டார்கள். தையல்காரரின் அக்குளில் அந்தக் கால்சட்டை.

"அவன் காலடியில வைக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்மா."

வைத்தாரா? உள்பக்கத்தை வெளியே புரட்டினார். எழவு வீடு என்ற நினைப்பே போய்விட்டது.

"குண்டுப் பை மாட்டத்தான்டா இது."

"உக்கார்ற இடத்துலயா? வெடிச்சா என்னடா ஆவான்?"

பிணத்தின் காலடியில் உட்கார்ந்து ஒரு கால்சட்டையின் கவட்டைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். சீ என்றிருந்தது அவளுக்கு. பிடுங்கி வைக்கத்தான் எழுந்தாள். பட்டன்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

அவற்றுக்கு நடுவே இருந்த இடைவெளி அவள் கைக்குத் தெரியும். தினமும் துவைத்த பஞ்சுப்பட்டைகளின் நாலு மூலையிலும் காஜா இருந்தது. கடையில் வீணாகக் கிடந்தது என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். விஷக்காற்றுக்குள் நிற்பவன் ஒன்றுக்குப் போகக்கூட உடுப்பைக் கழற்ற முடியாது, அவனுக்காக வைத்தது. அத்தனையையும் உருவி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, எல்லாம் தெரிந்த மனிதர் தெரியாது என்று சொல்லிக் கிண்டலை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இங்க என்னமோ மாட்டியிருந்து கழட்டியிருக்காங்க, நூல் தேஞ்சிருக்கு பாரு" என்றார் தையல்காரர். "உங்கிட்ட ஏதாவது சொன்னானாம்மா?"

"இல்ல மாமா."

இரும்புக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். அங்கே கொடியில் என்ன காய்கிறது என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ஓடினாள்.

அதற்குள் அவர் கொடியிலிருந்து ஒன்றை உருவி முகம், மூக்கு, கழுத்து என்று அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் துவைச்சதுதான் மாமா." சொல்லியிருக்க வேண்டாம்.

அவருடைய விரல் காஜாவுக்குள் நுழைந்து நின்றது. புரட்டிப் பார்த்தார். கொடியில் தொங்கிய மற்றதையெல்லாம் பார்த்தார். மூடியிருந்த வாளியைப் பார்த்தார். முகம் கோணியது. குழாயடிக்கு ஓடி ஓங்கரித்தார். முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கோட்டை விட்டாயிற்று.

அவர் சட்டை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கொடியிலிருந்ததையெல்லாம் விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் நீட்டினார். "உள்ள வைம்மா" என்றார்.

கூடத்தில் தையல்காரர் இன்னும் விடவில்லை. "ஏன்டா, ஒருவேளை இது..."

"அவனுக்கே தெரியலை, நமக்கு எங்கடா தெரியப் போகுது? மடிச்சு வை."

சொல்லிவிட்டு இரும்புக்காரர் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். இரும்புக்காரரின் மழிக்காத கன்னத்தில் ஒரு இழை பஞ்சு ஒட்டியிருந்தது. எடுத்துவிட மகள் கையை நீட்டினாள். தன் விரல்களின் பினாயில் நெடி அவளுக்கே அடித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.