வேண்டாம் என்றவர்கள்

கேட்காதவர்களுக்கெல்லாம் விளம்பர மெசேஜ் அனுப்புகிறேன் என்று எந்தப் புண்ணியவானோ என்மேல் புகார் கொடுத்துவிட்டார். குடவாசலில் இரண்டு நெல் அறுப்பு மெஷின் வைத்து வாடகைக்கு விடுகிறவன் நான். மெசேஜ் போகாவிட்டால் பிழைப்பு படுத்துவிடும். போன் கம்பெனியிலிருந்து வந்த எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு வக்கீல் அப்துல் வஹாபிடம் ஓடினேன்.

“வேண்டாம்னு பதில் போட்டவங்களுக்கு இனிமே ஒண்ணுகூடப் போகக் கூடாது, அருள்பிரகாஷ். போச்சுன்னா நம்பரையே முடக்கிடுவாங்க,” என்றார்.

அன்றைக்கே கம்ப்யூட்டரில் ‘வேண்டாம்’ என்று தேடினேன். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். ஒருவர் பதிலையும் திறந்து படிக்கவில்லை. அத்தனை பேரையும் மெசேஜ் பட்டியலிலிருந்து மொத்தமாக நீக்கிவிட்டு, சட்டத்தை மதிக்கிற பெரிய மனுஷன் என்ற நினைப்பில் டீ குடிக்கப் போனேன்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காளியம்மாள் முழங்கால்வரை சேற்றோடு கடைக்கு வந்தார். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். வருஷா வருஷம் என் மெஷின்தான் அறுக்கும். என்றைக்கு முறை என்று மெசேஜ் போனால் வரப்பில் வந்து நிற்பார்.

“பக்கத்து வயலெல்லாம் மழைக்கு முன்னாடியே அறுத்துட்டீங்க. எனக்கு ஏன் தம்பி மெசேஜ் போடல? இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு போனையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.”

“நீங்கதானே வேண்டாம்னு போட்டிருந்தீங்க?” வெடுக்கென்று கேட்டேன்.

அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘நாளை மெஷின் வேண்டுமா?’ என்று நான் கேட்டிருந்தேன். அதற்குக் கீழே அவர் பதில்: ‘நாளைக்கு வேண்டாம் தம்பி, அஷ்டமி. நவமி கழிச்சு வாங்க.’

உடனே மெஷினை ஏற்றிக்கொண்டு அவர் வயலுக்குப் போனேன். பயிர் முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. மெஷினை இறக்க வழியே இல்லை. காளியம்மாள் குனிந்து ஒரு பிடி கதிரை அள்ளி என் கையில் வைத்தார். நெல்லில் வெள்ளையாக முளை விட்டிருந்தது.

“இதைக் கொள்முதல் நிலையத்துல எடுப்பாங்களா, தம்பி?”

சட்டப்படி நான் செய்தது சரி என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

“எடுக்க மாட்டாங்கம்மா,” என்றேன்.

அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

“அப்ப மாட்டுக்காவது ஆகும். இந்தச் சாக்கைக் கொஞ்சம் புடிங்க.”

நானும் இறங்கி, சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன்.