அட்டையில் ஒரு கதவு

மெய்யநாதன் செட்டியார் பற்றின்மையைப் பற்றி நூற்றிருபது பக்கம் எழுதி முடித்துவிட்டார். அதை ஒரு படமாக எப்படிக் காட்டுவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

தை மாதம் அவருக்கு சாந்திக் கல்யாணம். வயது அறுபது நிறைகிறது. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஒரு புத்தகமும் கொடுப்பது அந்தச் செட்டியார் குடும்பங்களில் வழக்கம். மற்றவர்கள் சாமி பாட்டுகளைத் திரட்டி அச்சிடுவார்கள். இருபத்தேழு வருஷம் பர்மாவில் இருந்துவிட்டுக் காரைக்குடி வீட்டுக்குத் திரும்பி, முகப்பில் உட்கார்ந்து வேதாந்தம் படித்த மனிதர் ஆகையால், இவர் தாமே எழுதினார். பெயரும் 'பற்றின்மை' என்றே வைத்தார். அட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்று அச்சுக்கூடக்காரர் சொன்னதும், நடுவீட்டுக் கோலம் அவ்வளவு நேர்த்தியாக இழுக்கும் மருமகளிடமே சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் நேரில் சொல்லவில்லை. மாமனார் முன்னால் மருமகள் நின்று பேசும் வீடு இல்லை அது. மாமியார்தான் இரண்டாம் கட்டுக்கு வந்து தேனம்மையிடம் சேதி சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். "படம் நல்லா வந்துச்சுன்னா நீ கேக்குறது எதுவோ அதைச் செய்யச் சொல்றேன்னு மாமா சொல்லியிருக்காக."

தேனம்மை கேட்கப்போவது எது என்று மாமியாருக்குத் தெரியும். கல்யாணமாகி ஏழு வருஷம். புருஷன் உடையப்பனோடு இருந்த நாட்களையெல்லாம் கூட்டினால் பதினொரு மாதம் தேறும். அவன் பர்மாவில் மோல்மேனில் இருந்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலேறி வருவான், போவான். ஊரில் ஒன்றிரண்டு பேர் இப்போது பெண்டாட்டியையும் கூட்டிப்போகத் தொடங்கியிருந்தார்கள். சாந்திக்கு வருகிறவன் மாசியில் திரும்பும்போது தானும் அந்தக் கப்பலில் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

முதலில் தாமரை இலையும் நீர்த்துளியும் போட்டாள். அந்த வருஷமே மூன்று புத்தகத்துக்கு அதைப் போட்டாயிற்று என்று அச்சுக்கூடத்தில் சொல்லி அனுப்பினார்கள். பிறகு எரிகிற கற்பூரம் வரைந்தாள். கற்பூரப் பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற படம் மாதிரி இருக்கிறது என்று மாமனார் சொன்னாராம். கழற்றிப் போட்ட ஒரு ஜோடி பாதக்குறடு வரைந்ததற்கு, யாரோ செத்துப்போன வீடு போல இருக்கிறதென்று மாமியாரே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பின் பத்து நாள் ஒன்றும் வரவில்லை. பற்றில்லாத மனசு எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். அவள் மனசில் மாசி மாதமும் கப்பலும்தான் இருந்தன. அது இல்லாத இடம் ஒன்று உள்ளே எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள். தேடுகிற ஆசையும் கப்பலுக்காகத்தான் என்பது தெரிந்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் உச்சிவேளையில் அரிவாள்மனையை வைத்துவிட்டுத் தற்செயலாக நிமிர்ந்தாள். அடுப்படி வாசலிலிருந்து தெருவாசல் வரைக்கும் ஐந்து வாசல் நிலைகள் ஒரே நேர்க்கோட்டில் நின்றன. ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய், கடைசி நிலையில் வெயில் மட்டும் வெள்ளையாக நின்றது. தெரு தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. ஏழு வருஷமாகத் தினம் பார்த்ததுதான். அந்தக் கடைசி வெள்ளையை எத்தனை தடவை ஏக்கத்தோடு பார்த்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

அதை அப்படியே வரைந்தாள். ஐந்து நிலை, இருட்டு, கடைசியில் ஒன்றும் எழுதாத காகிதம். கொடுத்தனுப்பியதும் பயம் வந்தது. மாமனார் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். இது பற்றின்மை இல்லை, வெளியே போகத் துடிக்கிற ஒருத்தியின் கண் என்று எந்த மூடனுக்கும் தெரியுமே.

அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஆசையாகக் கடந்து போகிற ஆத்மாவை இந்தப் பெண் படமாகப் போட்டுவிட்டாள் என்று முகப்பிலிருந்து அவர் சொன்னது உள்முற்றத்து வளவு வரைக்கும் கேட்டது. தேனம்மைக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பொய் சொல்லிப் பரிசு வாங்கினது போலவும் இருந்தது. அன்றைக்கே மாமியாரிடம் கப்பல் சேதியை வாய்விட்டுக் கேட்டாள். அச்சாகி வரட்டும், சொல்கிறேன் என்று பதில் வந்தது.

அச்சுக்கட்டையை வெட்டும் வேலை மலையாண்டி ஆசாரிக்குப் போயிற்று. அந்த வட்டாரத்து வீடுகளுக்கெல்லாம் நிலையும் கதவும் செதுக்கியவர். உள்ளங்கை அகல மரத்துண்டில் படத்தை இடவலமாக மாற்றி எழுதி, முடித்ததும் பின்வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினார். கறுப்பாக வர வேண்டிய இடமெல்லாம் மேடாகவும் வெள்ளை எல்லாம் பள்ளமாகவும் இருந்தது. கடைசி நிலை இருந்த இடத்தில் விரல் நுனி இறங்கும் அளவுக்குக் குழி.

"இம்புட்டு ஆழம் எதுக்கு ஆசாரியாரே?"

"வெள்ளை வேணும்னா தோண்டத்தான் வேணும் ஆச்சி. கொஞ்சம் மேடா இருந்தாலும் மை ஏறிரும்."

மாதிரிக்கு ஒரு தாள் அடித்து வந்தது. மாமனார் அதைப் பங்காளிகளுக்குக் காட்டினார். வந்தது வினை. அவர்களில் மூத்தவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தெருவாசல் நிலையில் கதவைக் காணோமே என்றார். நொடித்துப்போன வீட்டில்தான் கதவைக் கழற்றியிருப்பார்கள். சாந்தி நடக்கிற வீட்டில் இதையா கைக்குக் கை கொடுக்கப்போகிறோம் என்றார். உள்ளே நின்ற தேனம்மைக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

சாயங்காலம் மாமியார் வந்தாள். "கதவு போட்டுரு. அடைச்ச கதவு. அதுதான் இன்னும் பொருத்தம்னு மாமா சொல்றாக. பற்று இல்லாதவன் ஒலகத்துக்குக் கதவை அடைச்சவன்தானாம்."

"அடைச்சா படமே போயிரும் அயித்தை."

"படம் போனாப் போகுது. கப்பல் வேணுமா வேணாமா?"

அவள் வரைந்தாள். முதலில் வெறும் இரண்டு பலகையாகப் போட்டுப் பார்த்தாள். கை கேட்கவில்லை. தெருக்கதவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குமிழ்களை ஒவ்வொன்றாக வைத்தாள். உள்ளேயிருந்து பார்க்கிற கதவு ஆகையால் தாழ்ப்பாள் தெரிய வேண்டும். அதையும் போட்டாள். தன்னை அடைக்கிற கதவை இத்தனை அழகாக வரைகிற கையைப் பார்த்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் கோணலாக ஒரு கோடு இழுக்க அந்தக் கைக்கு மனம் வரவில்லை.

தோண்டின இடத்தில் மறுபடி மரம் வராது. மலையாண்டி அந்தக் குழியைச் சதுரமாக வெட்டி, அதே அளவுக்கு ஒரு துண்டை இறுக்கிச் செருகி, அதன் மேல் கதவைச் செதுக்கினார். எப்படிச் செருகினாலும் சுற்றிலும் மயிரிழை வெள்ளையாகத் தெரியும், அதற்குத் தாம் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்.

சாந்திக்கு முந்தின வாரம் உடையப்பன் வந்தான். அட்டையைப் பார்த்து, நம்ம வீட்டுக் கதவேதான் என்று சிரித்தான். கப்பலைப் பற்றிக் கேட்டதற்கு, அப்பச்சி சரி என்றால் மகனான தனக்கும் சரி என்றான். சாந்தி நாளன்று தாம்பூலத் தட்டுகளில் புத்தகத்தை எடுத்து வைக்கிற வேலை தேனம்மைக்கு. அட்டையைப் பார்த்த பெண்கள் எல்லோரும் அவளைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். கதவைச் சுற்றி இருந்த வெள்ளைக் கோட்டை ஒருவரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிரதியிலும் அது இருந்தது.

விருந்தாளிகள் போன மறுநாள் மாமியார் பதிலைக் கொண்டுவந்தாள். அவள் முகத்தில் கள்ளம் இல்லை. நல்ல சேதி கொண்டுவருகிறவளைப் போலத்தான் வந்தாள்.

"மாமாவுக்கு ஒம்மேல ரொம்பப் பெருமை. இம்புட்டுப் பக்குவம் இந்தச் சின்ன வயசுல யாருக்கு வரும்கிறாக. இப்படிக் கதவடைச்ச மனசுக்குக் கப்பல் எதுக்கு, அவ கேட்டதெல்லாம் கதவு போடுறதுக்கு முந்தி, இனிமே அவளுக்கே தோணாதுன்னுட்டாக."

தேனம்மை மறுத்தால் என்ன சொல்ல வேண்டும்? அந்தப் படம் பொய், என் மனசு அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் புத்தகமே பொய்யாகும். ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. அட்டைக் கதவைப் போட்டதும் அவள் கைதான், தட்டில் எடுத்து வைத்ததும் அவள் கைதான்.

மாசியில் உடையப்பன் கிளம்பினான். அவள் அடுப்படி வாசலில் நின்றாள். அவன் ஒவ்வொரு நிலையாகக் கடந்து சிறுத்துக்கொண்டே போனான். கடைசி நிலையில் ஒரு விநாடி கறுப்பாக நின்றான். பிறகு வெள்ளை மட்டும் இருந்தது.

வழியனுப்பிவிட்டு உள்ளே வந்த மாமியார், வெயில் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சாத்தின கதவைச் சுற்றிலும் மயிரிழையாக வெளிச்சம் தெரிந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் தேனம்மை அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள்.