சகாதேவன் நுழைய முடியாத தெருக்கள்

1954 மாசியில், திருவண்ணாமலையில் வாரப் பத்திரிகை நடத்திவந்த சகாதேவனால் எண்ணெய்க்காரத் தெருவுக்குள் நுழைய முடியாமல் போயிற்று. தெருமுனையில் கால் நின்றுவிடும். பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினாலும் நகராது. முந்தின நாள்தான் அத்தெருவில் எண்ணெய் ஆலை வைத்திருந்த பரசுராமன் அரைப்பக்க விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருந்தார்.

இது நடக்கும் விதம் எளிமையானது. பத்திரிகையின் விலை இரண்டணா; அது காகிதத்துக்கும் மைக்குமே சரியாகிவிடும். அச்சுக்கோப்பவர் கூலியும் தபால் செலவும் விளம்பரத்திலிருந்துதான் வரவேண்டும். விளம்பரம் தந்தவரின் தெரு, தந்த தொகையின் அளவுக்கு அடைபடும். சினிமா கொட்டகைக்காரர் கால் பக்கம் தந்தார், பாதித் தெரு போயிற்று. அரிசி மண்டிக்காரர் முழுப் பக்கம் தந்தார், சந்தையே போயிற்று. 1957இல் அச்சகத் தெருவின் எதிர்வரிசை ஜவுளிக்கடை விளம்பரம் வந்த அன்று அச்சகத்தின் வாசற்படியும் அடைபட்டது. மூன்று ஆண்டுகள் சகாதேவன் உள்ளேயே உண்டு உறங்கினார். பத்திரிகை தவறாமல் வந்தது. அதில் நடைதிறப்பு நேரங்களும் கல்யாணச் செய்திகளும் இருந்தன.

1960இல் கீழ்பென்னாத்தூர்க் கருப்பன் ஜன்னலருகே வந்து நின்றார். பரசுராமனின் கடலை எண்ணெயில் பிரமதண்டு என்ற விஷ விதையைக் கலக்கிறார்களாம். அதைச் சாப்பிட்டுக் கருப்பனின் மகள் பொன்னிக்குக் கால் வீங்கி மூச்சு வாங்குகிறது.

“ஆலைக்குள்ள போயி கண்ணால பாத்து எழுதுங்க சார்.”

“காலு போவலியேப்பா.”

“காசு வாங்குனது கையிதான, காலு என்னா பண்ணும்?” என்றாள் உள்ளிருந்து சகாதேவனின் மனைவி தங்கம்மாள். “மலைமேல தீபத்துக்கு நெய்ய ஒரே ஆளா ஊத்தறாரு? ஊரு பூரா ஆழாக்கு ஆழாக்கா குடுக்குது. ஜாஸ்தி குடுத்தவனக் கேட்டுகினா ஏத்தறாங்க?”

அவள் பெரிய அச்சு இயந்திரத்தை விற்றுவிட்டு, கைஅச்சை மட்டும் வைத்துக்கொண்டாள். வாங்கிய விளம்பரப் பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தாள். “வச்சுக்கமா, எனக்கென்னா அவசரம்?” என்று பரசுராமன் சிரித்தார். அவள் அவருடைய கல்லாமேல் வைத்துவிட்டு வந்தாள். பிறகு கருப்பனோடு வீடுவீடாகப் போய், பத்திரிகை விலைக்கு மேல் ஆண்டுச் சந்தா ஒரு ரூபாய் கேட்டாள். ஒரு ரூபாய்க்கு அடைபட்டது சந்தாதாரர் வாசலில் ஒரு சாண் இடம்தான். தாண்டிவிடலாம்.

பணம் திரும்பியதும் தெருக்கள் திறந்தன. சகாதேவன் ஆலைக்குள் போனார், விதை மூட்டைகளை எண்ணினார், எழுதினார். ஆலை பூட்டப்பட்டது. ஆடிக்குள் பொன்னியின் வீக்கம் வடிந்தது.

1966இல் சந்தாதாரர் ஆயிரத்து நூறு பேர். ஊரில் சாணுக்குச் சாண் அடைபட்டிருந்தது. யாரைப் பற்றி எழுதினாலும் அவர் வாசலையும் தாண்டியாகவேண்டும். முழங்காலை உயர்த்தி உயர்த்திச் சகாதேவன் நடந்தால் பஸ் நிலையத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

“சார் தாண்டிக்கினு வராரு, ரைட் குடுக்காத” என்பார் கண்டக்டர். செங்கம் பஸ் ஏழேகாலுக்குப் பதில் ஏழரைக்குக் கிளம்பும். பிறகு கால அட்டவணையிலும் ஏழரை என்றே எழுதிவிட்டார்கள்.