துண்டுக்குள் பேசிய வயது

நூறு வயதான மார்க்கெட்டை இடிக்க மாட்டார்கள், பூசி மெழுகி அப்படியே விட்டுவிடுவார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, திண்டுக்கல் பழைய மார்க்கெட்டில் எல்லோரும் வயதைப் பற்றியே பேசினார்கள். நூறுக்கு ஒன்று குறைந்தாலும் இடித்துவிட்டு மாடி வைத்த கட்டடம் எழுப்புவார்கள். அதற்கான வரைபடம் வாசலில் ஒட்டப்பட்டிருந்தது. அதில் வெங்காயமும் புளியும் கீழே இருந்தன. வாழைப்பழக் கடைகள் இரண்டாவது மாடியில் இருந்தன.

செபாஸ்தியம்மாள் அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள். வாசலுக்குள் நுழைந்ததும் முதல் கடை அவளுடையது. சிறுமலைப் பழத்தார் அங்கே தொங்கினால் மணத்துக்கே ஆள் நிற்கும். இரண்டாவது மாடிக்குத் தார் ஏறிவிடும், சுமக்க ஆள் உண்டு. ஆனால் படியேறிப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிய மனிதரைப் பற்றி அவள் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

மார்க்கெட்டின் உண்மையான வயது யாருக்கும் தெரியாது. கட்டிய ஆண்டைச் செதுக்கிய கல் ஒன்று வாசல் வளைவில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கொக்கி அடிக்க வாகான இடமும் அதுவாகவே இருந்துவிட்டது. ஒரு காலத்தில் யாரோ தராசு மாட்ட அடித்தார்கள். பிறகு இன்னொருவர் பெட்ரோமாக்ஸ் விளக்கு தொங்கவிட அடித்தார். தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கிக்காரர் வந்து அடித்தார். ஆண்டின் முதல் எண்ணான ஒன்று மட்டும் இப்போது பிழைத்திருக்கிறது. மற்றதெல்லாம் ஓட்டை.

காகிதத்திலும் ஒன்றும் கிடைக்கவில்லை. வியாபாரிகள் ஒருமனதாகச் சொல்லும் வயதையே எழுதிக்கொள்ளலாம் என்று மாநகராட்சியில் முடிவெடுத்து, அஜய் என்ற இளம் அதிகாரியை அனுப்பினார்கள்.

ஒருமனது என்பது அந்த மார்க்கெட்டில் கிடைக்காத சரக்கு. கோட்டையில் இருந்த சிப்பாய்கள் இங்கேதான் கத்தரிக்காய் வாங்கினார்கள் என்றும், அதில் புழு இருந்ததால் ஒரு சண்டையே மூண்டது என்றும் புளிக்கடைச் சடையாண்டி சத்தியம் செய்தார். பூக்கடைக்காரர்கள், மார்க்கெட் முதலில் வந்தது, மலைக்கோட்டை மலை பிறகுதான் வந்தது என்கிற அளவுக்குப் போனார்கள். கடைசியில், எல்லோருக்குமாக ஒருவர் பேசட்டும் என்று வெங்காயத் தரகர் மைதீன் பிச்சையை முன்னால் தள்ளினார்கள். விலை பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"பாய், நூத்தம்பதுன்னு சொல்லிருங்க. நூறுக்குக் கீழ மட்டும் எறங்கிராதீங்க" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"யாருகிட்ட சொல்ற அக்கா? ஒட்டன்சத்திரம் சந்தை ஆளுகளையே அழ வச்சவன் நானு."

"அழ வச்சது நீரு இல்ல பாய், உம்ம வெங்காயம்" என்றார் சடையாண்டி.

அஜய் வந்து ஒரு வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்தான். மடியில் காகிதத்தை விரித்துக்கொண்டான். "சொல்லுங்கண்ணே, மார்க்கெட்டுக்கு என்ன வயசு?"

"முந்நூறு" என்றார் மைதீன் பிச்சை.

முதலிலேயே உள்ள விலையைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அஜய் சிரித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என்னண்ணே, ஒரேயடியா ஏத்துறீங்க. பாத்துச் சொல்லுங்க" என்றான்.

பாத்துச் சொல்லுங்க என்று ஒருவர் சொல்லிவிட்டால் மைதீன் பிச்சையின் கை அவர் சொல்படி கேட்காது. அது தானாகத் தோளுக்குப் போனது, துண்டை உருவியது, உள்ளங்கையை மூடிக்கொண்டு முன்னால் நீண்டது. வேறு அதிகாரியாக இருந்தால் இது என்ன என்று கேட்டிருப்பார். அஜய் வடமதுரைப் பக்கத்து மாட்டுத் தரகரின் மகன். அவன் கையும் தானாகத் துண்டுக்குள் போய்விட்டது.

துண்டுக்குள் பேச்சு கிடையாது, விரல்தான். இவர் அவர் விரலைப் பிடித்து ஒரு விலை சொல்வார், அவர் இவர் விரலைப் பிடித்துக் குறைப்பார். சுற்றி நிற்பவர்களுக்கு முகத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மார்க்கெட் முழுவதும் கூடி நின்று இரண்டு முகங்களையும் பார்த்தது. அஜய் உதட்டைப் பிதுக்கினான். மைதீன் பிச்சை, பெற்ற தாயைப் பழித்துவிட்டதுபோல் கண்ணை மூடினார். நடுவில் கையை உதறிக்கொண்டு தேங்காய்க் கடை வரைக்கும் போனார். அஜய் "அண்ணே" என்று கூப்பிட்டதும் திரும்பி வந்தார்.

"பாய் எந்திரிச்சுப் போயிட்டு வந்துட்டாருன்னா சரக்கு நல்லா ஏறிருச்சுன்னு அர்த்தம்" என்று சடையாண்டி செபாஸ்தியம்மாளின் காதில் சொன்னார். அவளுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

துண்டுக்குள் இரண்டு கைகளும் ஒரு குலுக்குக் குலுக்கின. மைதீன் பிச்சை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"முடிஞ்சுச்சு!"

கைதட்டல் கூரையை இடித்தது. யாரோ டீ சொன்னார்கள்.

"எம்புட்டு பாய்?"

"தம்பி அறுபதுல ஆரம்பிச்சாரு. நான் விடுவேனா? அம்புட்டுத் தூரம் இழுத்துக் கொண்டாந்து நிப்பாட்டுனேன்." மைதீன் பிச்சை எல்லோரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தொண்ணூத்தொம்பது!"

கைதட்டல் சற்று நேரம் தன்னால் ஓடிவிட்டு நின்றது.

"பாய்" என்றாள் செபாஸ்தியம்மாள். "நூறு வேணும்ல?"

மைதீன் பிச்சையின் முகம் மெதுவாக மாறியது. "தம்பி நூறுக்கு ஒத்துக்கிட்டாருதான். முழுசா நூறுன்னா கேக்குறவன் நம்ப மாட்டானேன்னு நானே ஒண்ணைக் குறைச்சேன்."

"அப்ப மாத்திச் சொல்லுங்க!"

"துண்டுக்குள்ள கை குடுத்தாச்சே அக்கா."

முன்பு ஒரு தரகர் கை கொடுத்த பிறகு விலையை மாற்றினார். அதன் பிறகு அவரிடம் ஒரு கருவேப்பிலைக் கொத்தைக்கூட யாரும் விற்கவில்லை. அவர் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஆனாலும் அதற்கு மாத்துனவன் கடை என்றுதான் பெயர். மார்க்கெட் இடிந்தால் இடியட்டும், பேச்சு மாறக்கூடாது என்று எல்லோரும் துக்கமாகத் தலையாட்டினார்கள். சிலர் முகத்தில் பெருமைகூடத் தெரிந்தது.

"உங்களுக்கெல்லாம் கீழ கடை. ஆட்டுவீங்க தலைய" என்றாள் செபாஸ்தியம்மாள். பிறகு அஜய் பக்கம் திரும்பினாள். "தம்பி, ஒரு வருசம் பொறுத்து வந்து கேளுங்க. தன்னால நூறாயிரும்."

"இடிக்கிறது அடுத்த மாசம்க்கா."

"அப்ப நீங்களா ஒண்ணு கூட்டி எழுதுங்க."

"எங்கப்பா மாட்டுத் தரகரு. துண்டுக்குள்ள முடிஞ்சத மாத்துனா வீட்டுல சோறு போட மாட்டாரு" என்றான் அஜய். அவனுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. தொண்ணூற்றொன்பது என்று எழுதிவிட்டு டீயைக் குடித்தான்.

போகும்போது வாசலில் செபாஸ்தியம்மாளின் கடையில் நின்றான். அம்மாவுக்குச் சிறுமலைப் பழம் என்றால் உயிர் என்று ஒரு சீப்பு கேட்டான். அவள் ஒரு விலை சொன்னாள். அவன் குறைத்துக் கேட்டான். எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் அவளும் சரி என்றாள். பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அவன் பையை மூடவில்லை.

"ஒரு பழம் சேத்துப் போடுங்கக்கா."

அவள் கை பழக்கத்தில் தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தது. பைக்கு மேலே வந்ததும் நின்றது.

"கொசுறா?"

"ஆமாக்கா, ஒண்ணே ஒண்ணு."

"வெல பேசி முடிஞ்சப்பறம் கேக்குறீங்களே, பேச்சு மாறுனதா ஆகாதா?"

"அதெப்படி ஆகும்? பேரம் வேற, கொசுறு வேற."

"பாய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் தேங்காய்க் கடைவரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். "இங்கிட்டு வாங்க. தம்பி சொல்றதக் கேளுங்க. தம்பி, இன்னொருக்கச் சொல்லுங்க."

அஜய் சொன்னான். மைதீன் பிச்சை தாடியைத் தடவியபடி யோசித்தார். "நாயந்தான். எங்க அத்தா காலத்துலயே கொசுறு பேரத்துல சேராது. கேக்காம விடுறவன்தான் ஏமாளி."

"அப்பச் சரி" என்றாள் செபாஸ்தியம்மாள். "தம்பிகிட்ட தொண்ணூத்தொம்பது வருசம் எடுத்திருக்கோம். ஒரு வருசம் கொசுறு போடுங்க."

அஜய் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"மொத்த வியாபாரம். ரெண்டாக் கேளு" என்றார் சடையாண்டி.

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றாள் செபாஸ்தியம்மாள்.

பழம் பைக்கு மேலேயே நின்றது. கீழேயும் இறங்கவில்லை, தாருக்கும் திரும்பிப் போகவில்லை. நன்றாகப் பழுத்த பழம். அஜய் அதைப் பார்த்தான். தன் அப்பாவை நினைத்துப் பார்த்தான். மாட்டை விற்ற கையோடு மூக்கணாங்கயிற்றைச் சும்மா கொடுக்கிறவர் அவர். இதில் குறை சொல்ல அவருக்கும் ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. காகிதத்தைத் தராசுத் தட்டின் மேல் விரித்தான். தொண்ணூற்றொன்பதுக்குப் பக்கத்தில், கொசுறு ஒன்று, ஆக மொத்தம் நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒருமனது வேண்டும் என்பதால் மற்றவர்களும் வரிசையாக வந்து போட்டார்கள்.

செபாஸ்தியம்மாள் பழத்தைப் பைக்குள் போட்டாள்.

பை வாசலைத் தாண்டிப் போகும்வரை மைதீன் பிச்சை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம் கோபமாகத் திரும்பினார்.

"கொசுறு உண்டுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா அக்கா? நான் தொண்ணூறுலயே முடிச்சுட்டு, மிச்சம் பத்தையும் கொசுறுலயே வாங்கிருப்பேன்ல?"