ஒரு ஸ்பூன் தண்ணீர்

சின்னவள் அப்பாவின் தாடையைத் தூக்கிச் சேர்த்துத் தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணனின் கார் வாசலில் வந்து நின்றது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு முறை அவிழ்த்துக் கட்டியிருந்தாள். அப்பாவின் பழைய கைக்குட்டைகள் இரண்டைச் சேர்த்து முடிந்த துணி அது. ஏழு பத்துக்கு மூச்சு நின்றது. இப்போது எட்டேகால். பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து நாடி பார்த்து, கண்ணை மூடிவிட்டு, டாக்டரை அழைத்து வருவதாகச் சொல்லிப் போயிருந்தாள்.

அண்ணன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்று அப்பாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதான். பொய் அழுகை இல்லை. தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது. பின்னால் வந்த அண்ணி சுவரோடு ஒட்டி நின்றாள். நேற்று மட்டும் சின்னவள் மூன்று முறை ஃபோன் செய்திருந்தாள். கடையில் சரக்கு இறங்குகிறது, காலையில் கிளம்பி வந்துவிடுகிறேன் என்று மூன்று முறையும் அதையே சொன்னான். இரண்டு மணி நேரப் பயணம்தான். இப்போது அதைச் சொல்லிக்காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அழட்டும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தவன் கட்டிலைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். பிறகு அலமாரி மேல் இருந்த கேமராப் பையைப் பார்த்தான்.

“அந்தக் கட்ட ஒரு நிமிஷம் அவுரு.”

எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

“நான் அப்பாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கற மாதிரி ஒரு படம் எடுத்துடு. ஃபோன்ல எடுத்தா நல்லா இருக்காது.”

உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகிறது என்றாள். தெரியும் என்றான். பெற்ற மகன் பக்கத்தில் இல்லையா என்று நாலு பேர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள், அவர்கள் வாயை யார் மூடுவது என்றான். அடுத்த மாதம் மரச்சாமான் வியாபாரிகள் சங்கத் தேர்தலில் தான் தலைவர் பதவிக்கு நிற்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

முடியாது என்று சொல்வதானால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பிணத்தின் தலைமாட்டில் நின்று சண்டை போடுவதா என்று நினைத்தாள். சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்றும் நினைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். அப்பாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

சின்னவளுக்கு நாற்பத்தொரு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, பதினேழு வருடமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பூட்டிய கடை ஷட்டர், மழையில் நனைந்த சைக்கிள் சீட், பேருந்து நிலையத்தில் யாரும் உட்காராத பெஞ்சு. அப்பா ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார். ஊரையே காலி பண்ணிவிட்டுத்தான் எடுப்பாயா என்று கேட்பார். படங்களில் இரண்டு, ஒரு கண்காட்சிக்குப் போய் வந்தன. அதைப் பார்த்துத்தான் ஸ்டுடியோக்காரர் தேடி வந்தார். கல்யாணம், பிறந்த நாள், கம்பெனி விழா என்று வேலை குவிகிறது, தன்னோடு இரண்டாவது ஆளாக நிற்கக் கை தேவை என்றார். ஆனால் சொந்தமாகச் சாமான் இருக்க வேண்டும். ஒரு கேமரா பழுதானால் மாற்றிக்கொள்ள இன்னொன்று, மங்கலான மண்டபத்துக்கு ஏற்ற லென்ஸ், இரண்டு ஃப்ளாஷ். தொழிலை விட்டுப் போகும் ஒருவர் மொத்தமாக விற்கிறார், இந்தச் சனிக்கிழமை வரைதான் வைத்திருப்பார் என்றும் சொன்னார்.

மூன்று வாரமாக அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். போட்ட பணம் திரும்பி வருமா என்பதில் பெரிய பயமில்லை. ஆட்களை எடுக்க வருமா என்பதுதான் பயம். அப்பாவிடம் கேட்டாள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். ஆஸ்பத்திரியில் யாரும் வயிற்றை எக்கிக்கொண்டு வந்து நிற்பதில்லை, வெளியே எல்லோரும் எக்குவார்கள், உன்னால் தாங்க முடியுமா பார்த்துக்கொள் என்றார். வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்போது அவள் கேமராவைக் கையில் எடுத்தாள். தலை கட்டிலோடு கிடந்தால் உயிரோடு இருப்பதாகத் தெரியாது என்று அண்ணன் சொன்னான். அண்ணியைக் கூப்பிட்டுத் தலையணைக்குப் பின்னால் கையை விட்டுத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். அண்ணி முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தூக்கினாள். அப்பாவின் தலை அவள் உள்ளங்கையில் ஒரு பக்கமாகச் சரிந்து, மறுபடி நிமிர்ந்தது.

முதல் ஸ்பூன் தண்ணீர் அப்படியே கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் இறங்கியது. அந்த நொடியில் தான் கண்ணை மூடிவிட்டதாகச் சொல்லி அண்ணன் இன்னொரு முறை எடுக்கக் கேட்டான். சின்னவள் அப்பாவின் கழுத்தைத் துண்டால் துடைத்தாள். துடைத்தபின் அவள் செய்தவற்றை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. மூத்திர பாட்டிலைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மருந்து சீசாக்களை அகற்றினாள். ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு வெளிச்சத்தை அப்பாவின் நெற்றியிலும் அண்ணனின் கன்னத்திலும் மட்டும் விழச் செய்தாள். அண்ணியின் கை தெரியாதபடி ஓரடி நகர்ந்து நின்றாள்.

“அப்படியே இருங்க. அசையாதீங்க” என்றாள்.

எக்ஸ்ரே அறையில் தினமும் நூறு முறை சொல்லும் வார்த்தை. அண்ணன் தன்னிடம் சொன்னதாக நினைத்து நிமிர்ந்தான். அண்ணனை அவள் வாங்க போங்க என்று பேசியதே இல்லை. ஏழு படம் எடுத்தாள்.

ஐந்தாவது படம் நன்றாக வந்திருந்தது. அண்ணன் அதைத் தன் ஃபோனுக்கு மாற்றிக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். அவள் மறுபடி தாடையைக் கட்டினாள். இந்த முறை முடிச்சு ஒரே தடவையில் சரியாக விழுந்தது.

பத்து மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. நாற்காலிகள் வந்தன, டாக்டர் சான்றிதழ் தந்துவிட்டுப் போனார், ஆட்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார்கள். படம் அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கடைசி நொடிவரை அப்பாவின் அருகில் என்று எழுதி அண்ணன் சங்கத்துக் குழுவுக்கும் சொந்தக்காரர்கள் குழுவுக்கும் அனுப்பியிருந்தான். யார் வந்தாலும் எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நேரத்தைச் சொன்னான். முதலில் சொன்னபோது தண்ணீர் இறங்கியது என்று மட்டும் சொன்னான். பதினோரு மணிக்கு அப்பா அவனைக் கண் திறந்து பார்த்திருந்தார். பன்னிரண்டுக்குள் அவர் ஏதோ சொல்ல வந்து உதடு அசைந்திருந்தது. அதைச் சொல்லும்போது அண்ணனின் குரல் உடைந்தது. அவன் நடிக்கவில்லை, நம்பத் தொடங்கிவிட்டான் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

அப்பாவின் அக்கா வந்தார். வீட்டில் எல்லோருக்கும் பெரிய அத்தை. தம்பியின் நெற்றியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். மகன் கையால் தண்ணீர் குடித்துவிட்டுப் போக அவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அழுதார். பிறகு சின்னவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கன்னத்தைத் தொட்டுக் கேட்டார்.

“அந்த நேரத்துல நீ எங்கம்மா இருந்த?”

ஆறு மாதமாக அப்பாவைத் தூக்கி உட்கார வைத்ததும், துடைத்ததும், ஏழு பத்துக்கு அவருடைய கை தன் கைக்குள் கனத்துப் போனதும் அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தன. சொன்னால் படத்தையும் சொல்ல வேண்டும். அண்ணன் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான்தான் அத்தை படம் எடுத்தேன்.”

அத்தையின் கை கன்னத்திலிருந்து இறங்கியது. எதையோ மிதித்துவிட்டவர் போல முகத்தைச் சுளித்து, சேலையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. எடுத்துப் போய் எல்லாம் முடித்துத் திரும்பியபோது ஐந்து இருக்கும். வாசலில் ஸ்டுடியோக்காரர் நின்றிருந்தார். நல்ல மனிதர். வந்த உடனே துக்கம் விசாரித்தார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். கிளம்பும்போதுதான் குரலைத் தாழ்த்தி, படத்தைப் பார்த்ததாகச் சொன்னார். யாரோ அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

“ஜன்னல் வெளிச்சம் மட்டுமா? இத்தன வருஷத்துல நான் இப்படி ஒண்ணு எடுத்ததில்லம்மா. ஆளுங்கள எடுக்க வராதுன்னு சொன்னீங்களே.”

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, இந்த நிலைமையில் அவசரப்படுத்தவில்லை, வேண்டுமானால் விற்பவரிடம் நானே பேசி ஒரு வாரம் அவகாசம் வாங்கித் தருகிறேன் என்றார்.

“வேணாங்க. அவர் வேற யாருக்காவது குடுத்துடட்டும்.”

மனசு ஆறட்டும், அப்புறம் பேசலாம் என்றார்.

“மனசு ஆறுறதுக்கில்லைங்க. நல்லா வந்துடுச்சு, அதான் வேணாம்.”

அவர் புரிந்தும் புரியாமலும் தலையசைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சின்னவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். குழாயடியில் அண்ணி குனிந்து நின்றிருந்தாள். புது சோப்பின் உறை கிழிந்து கீழே கிடந்தது. முழங்கை வரை நுரை. தேய்த்துக் கழுவி, கையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, மறுபடி சோப்பை எடுத்தாள். வலது கை தோல் சிவந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. ஓர் ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்று, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, சோப்பைப் பக்கவாட்டில் நீட்டினாள்.

சின்னவள் வாங்கிக்கொண்டாள்.