பல் மழுங்கிய சாவி

கண்ணாடி உடையவில்லை, கதவில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் முதலாளியம்மாவின் தங்க வளையல்கள் இருந்த கைப்பையைக் காரிலிருந்து காணவில்லை. சாவி டிரைவரிடம். அப்புறம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது? பன்னிரண்டு வருட விசுவாசம் பத்து நிமிடத்தில் செல்லாக்காசாகிவிட்டது.

கார் ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நின்ற நேரத்தில் டிரைவர் எங்கே இருந்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அங்கே லிப்ட் வேலை செய்யவில்லை. முதலாளியம்மாவின் தாயாரை நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கிக்கொண்டிருந்தார்.

"பூட்டு தேஞ்சு போச்சு, மாத்திடலாம்னு ரெண்டு வருஷமா சொல்றேனே சார். இந்தக் காலத்து வண்டி இல்ல இது. தேஞ்ச சாவி எது போட்டாலும் திறந்துக்கும்."

"கதை விடாத. ஊர்ல இருக்கற சாவிக்கெல்லாம் என் வண்டி திறக்குமா?" என்றார் முதலாளி.

டிரைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. திருடன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போய் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? வாசலில் முதலாளியின் மச்சினன் கார் நின்றது. அதே கம்பெனி, அதே வயசு. எல்லோரையும் வெளியே கூப்பிட்டார். பல்லெல்லாம் மழுங்கிப்போன தன் சாவியை அந்தக் கதவில் நுழைத்து, லேசாக ஆட்டித் திருப்பினார். திறந்துகொண்டது. உள்ளே உட்கார்ந்து இன்ஜினையும் கிளப்பினார். அது ஓடும்போதே சாவியை உருவி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

மன்னிப்புக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தார். பாவம், அவ்வளவு வெள்ளந்தி.

"பாத்தீங்களா?" என்றாள் முதலாளியம்மா கணவனிடம். "எத்தன வண்டியில பழகியிருந்தா கை இப்படி வரும்!"

"ஐயோ, அதுக்காகவாம்மா காட்டினேன்..."

"அக்கா, போன வருஷம் என்னோட இந்த வண்டியிலேர்ந்துதான் கேமரா போச்சு," என்றான் மச்சினன். "என் பையன்தான் எடுத்து வித்துட்டான்னு அவனப் போட்டு அந்த அடி அடிச்சேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மனுஷன் கையாலேயே கெட்டார். பார்த்தே இராத கேமராவும் சேர்ந்து அவர் தலையில் விழுந்தது.

மச்சினன் அங்கேயே போனை எடுத்து மகனைக் கூப்பிட்டான். "கேமராவ எடுத்தவன் கிடைச்சுட்டான்டா கண்ணு. உன்மேல சந்தேகப்பட்டுட்டேன். அப்பாவ மன்னிச்சிடுடா."

டிரைவர் அதை முழுவதும் கேட்டுக்கொண்டு நின்றார். முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"சாவியக் குடு."